காட்டேரியைத் திருத்திய ஊர்

சினிமாப் படத்தில் இருப்பவர்களுக்கு நாம் பேசுவது கேட்காது என்பது, படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும் ஒரே அளவில் வேரூன்றிப்போன தவறான கருத்து. இதைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுதுவதும் முறையாகாது. அவர்களுக்கு நன்றாகவே கேட்கும். நல்ல படங்களில் இருப்பவர்களுக்கு வேலை அதிகம். ஒரு காட்சியில் அழுதுவிட்டு அடுத்த காட்சிக்குள் ஓடிப்போய்ச் சிரிக்க வேண்டியிருப்பதால், கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ள அவகாசம் இருப்பதில்லை. மட்டமான படங்களில் அப்படியில்லை. அங்கே ஆட்கள் ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே சும்மா நிற்கிறார்கள், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நம்மைப் பார்க்கிறார்கள், போதும் என்று யாராவது சொல்லும்வரை கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி நிற்கும் மனிதரிடம் நாலு பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் அது காதில் விழத்தான் செய்யும். பூவரசங்குறிச்சி நல்லபெருமாள் டாக்கீஸில் நடந்ததும் இவ்வளவுதான். இதற்கு மேல் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

படத்தின் பெயர் 'கோரைப்பல் ஜமீன்'. நல்ல படமெல்லாம் தீபாவளிக்கு ஒதுங்கியிருக்கும் ஆடி மாதத்தில் வந்தது. பக்கத்து ஊர் மாவுமில் முதலாளி எடுத்த படம் அது. பாழடைந்த பஞ்சாலை கோட்டையாகவும், குளிர்பெட்டி வந்த அட்டைப்பெட்டி கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு சவப்பெட்டியாகவும், பழைய குடைத்துணி வௌவாலாகவும் அதில் நடித்திருந்தன. ஜமீன்தாராக, அதாவது இருநூறு வருஷமாகச் சாகாமல் பெண்களின் கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் ரத்தக் காட்டேரியாக, நடித்திருந்தவர் பூவரசங்குறிச்சிக் கடைத்தெருவில் பல்செட் கட்டிக் கொடுத்துவந்த ஆவுடையப்பன். காட்டேரிக்குப் பல் செய்து தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள், செய்தார், கடி சரியாக விழுகிறதா என்று தன் வாயிலேயே மாட்டிக் காட்டினார், வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நடிகரானது இப்படித்தான்.

அவருடைய மனைவி செண்பகவடிவு இதற்கு ஒப்பவில்லை. "ஊரே சிரிக்கும், பாத்துக்கிடுங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. பெட்டியில் படுக்கவும் எழுந்திருக்கவும் தினமும் பஞ்சாலைக்கு சைக்கிளில் போனார். வடிவு அவரோடு பேசுவதை நிறுத்தினாள். படம் பிடித்து முடிந்த பிறகும் அவள் பேசவில்லை, இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் சற்றுக் கண்ணயர்கிறேன் என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கோபத்தின் நடுவிலேயே ஆள் போய்விட்டால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்பதற்குச் சடங்கு எதுவும் இல்லை. பதினாறு முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகும் அது அவளிடமே இருந்தது.

படம் வந்த முதல் நாள் மேட்னிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது ஆவுடையப்பனின் தங்கை கோமதி. தாலி அறுத்தவள் சினிமாக் கொட்டகைக்குப் போவதாவது என்று தெருவில் ஒரு பேச்சு எழுந்தது. "எங்க மைனி சினிமா பாக்கவா போறா, புருஷனைப் பாக்கப் போறா" என்று கோமதி தெருமுனையில் நின்று சத்தமாகச் சொன்னாள். அதோடு பேச்சு அமுங்கிப்போனது.

அந்த ஊர்க்காரர்களின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வில்லடிப்பவர் ஒரு சேதி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. கூட்டத்தில் இருப்பவர்களும் தப்பாகச் சொன்னால் திருத்தி, சரியாகச் சொன்னால் தலையாட்டி, கதையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்க் கரை சேர்ப்பார்கள். எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. அந்த மரியாதையை அவர்கள் சினிமாவுக்கும் காட்டினார்கள்.

அட்டைப்பெட்டியின் மூடி திறந்தது. ஆவுடையப்பன் எழுந்தார். பெட்டியின் பக்கம் பிதுங்கியது. கொட்டகை சிரித்தது. இருநூறு வருஷத்து ஜமீன்தாரின் கையில் கடிகாரம் பளபளத்தது, கொட்டகை அதற்கும் சிரித்தது. அவர் வாயைத் திறந்தபோது வேறு யாருடைய குரலோ வந்தது; குரல்பதிவு நடந்த சமயத்தில் அவர் உயிரோடு இல்லாததால் பட்டணத்தில் யாரோ ஒருவர் தகரத்தைத் தேய்த்தாற்போல் பேசிக் கொடுத்திருந்தார். வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரே சிரிக்கும் என்று சொன்னவள் அவள். சொன்னது பலித்துவிட்டது. இப்படிப் பலிக்கும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள்.

ஜமீன்தார் கதாநாயகியின் கழுத்தை நோக்கிக் குனிந்தார். மேல்வரிசைப் பல் நழுவியது.

"ஓய் ஜமீன்! பல்லு விழுது, பிடிச்சுக்கிடும்வே!" என்று இரண்டாம் வரிசையிலிருந்து கத்தினார் கம்பவுண்டர் பரமார்த்தலிங்கம்.

ஜமீன்தார் நிமிர்ந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பி, கட்டைவிரலால் மேல்பல்லை உள்ளே ஒரு தள்ளுத் தள்ளி, நாக்கைச் சுழற்றிச் சரிபார்த்துக்கொண்டு, மறுபடி குனிந்தார்.

கொட்டகை அதைப் படத்தில் உள்ளது என்றே எடுத்துக்கொண்டு கைதட்டியது. வடிவு மட்டும் கைதட்டவில்லை. புதுப் பல்செட்டை வாடிக்கைக்காரர் வாயில் பொருத்தும்போது அவர் செய்கிற தள்ளு அது. நடிப்பில் அவருக்கு அத்தனை சுத்தம் வராது.

மறுநாள் பல் நழுவவே இல்லை. இரண்டாம் தடவை பார்க்க வந்தவர்கள் அதைச் சாட்சி சொன்னார்கள். அன்றைக்கு யாரோ கடிகாரத்தைப் பற்றிக் குரல் கொடுக்க, ஜமீன்தார் அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாள், "ரத்தக்குழாய் அந்தப் பக்கத்துல இல்ல ஓய், காதுக்குக் கீழ வாரும், இன்னும் கொஞ்சம், ஆங்!" என்று பரமார்த்தலிங்கம் இருக்கையிலிருந்து எழுந்து நின்று வழிகாட்டினார், ஜமீன்தார் அவர் சொன்னபடியே வந்தார். கொட்டகை மானேஜர் சங்கரபாண்டியன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு பிலிமை விளக்கில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அதில் எல்லாம் பழையபடியே இருந்தது, பல் நழுவிக்கொண்டும் கடிகாரம் மின்னிக்கொண்டும். "ஓடும்போதுதான் மாறுது அண்ணாச்சி" என்றார் ஆபரேட்டர். "பெட்டிக்குள்ள எப்படி இருந்தா நமக்கு என்ன, ஓடும்போது ஒழுங்கா இருந்தா சரி" என்றார் மானேஜர். அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

ஊர் இதை ஒரு பொதுக்காரியமாக எடுத்துக்கொண்டது. கோயில் தேரைப் பழுதுபார்ப்பதுபோல ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தையல்காரர்கள் வந்து ஜமீனின் அங்கி தோளில் பிடிக்கிறது என்றும் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொள்ளும்படியும் சொன்னார்கள். ஆசாரிகள் பெட்டியிலிருந்து எழும்போது கை எங்கே ஊன்றினால் பக்கம் பிதுங்காது என்று சொல்லிக் கொடுத்தார்கள். சவ ஊர்வலத்தில் அனுபவப்பட்டவர்கள் செத்தவன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கினார்கள், அதை மட்டும் ஆவுடையப்பன் ஒரு தடவை சொன்னதுமே பிடித்துக்கொண்டார். எல்லாரும் சேர்ந்து கத்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது என்பதால், ஒவ்வொருவராகப் பேசவும் என்று மானேஜர் திரையில் ஒரு சிலேடு போட்டார்.

பூண்டில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. கதாநாயகி கழுத்தில் பூண்டு மாலை போட்டுக்கொண்டு வருகிற இடத்தில் ஜமீன்தார் பயந்து பின்வாங்க வேண்டும். பெஞ்சு டிக்கெட்டில் இருந்த பெண்கள் அது சந்தையில் விற்கிற சாதாப் பூண்டு, அதற்குக் காரமே கிடையாது, ரசத்துக்கே காணாது, அதற்குப் போய்க் காட்டேரி பயப்படலாமா என்றார்கள். ஆண்கள் பக்கத்தில் சிலர், பூண்டு எதுவானாலும் வாடை வாடைதானே என்றார்கள். அன்றைக்கு ஜமீன்தார் ஒரு அடி பின்னால் வைத்தார், ஒரு அடி முன்னால் வைத்தார், மறுபடி பின்னால் வைத்தார், ரீல் தீரும்வரை அப்படியே இருந்தார். மறுநாள் இரு தரப்பும் வெளியே வேப்பமரத்தடியில் கூடிப் பேசி, மூக்கைப் பொத்திக்கொண்டால் போதும், பயப்பட வேண்டாம் என்று சமரசத்துக்கு வந்து, உள்ளே போய் அதை அவருக்குச் சொன்னார்கள்.

மாவுமில் முதலாளி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். "நான் இப்படி எடுக்கலையே" என்றார்.

"யார் கேட்டாலும் நீங்கதான் எடுத்தீகன்னு சொல்லிருதோம் மொதலாளி" என்று ஆறுதல் சொன்னார் சங்கரபாண்டியன்.

வடிவு தினமும் வந்தாள், பெண்கள் வாசலுக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தாள். எல்லாரும் அவரிடம் பேசினார்கள். அவர் எல்லாருடைய பேச்சையும் கேட்டார். உயிரோடு இருக்கும்போது யார் சொன்னதையும் கேளாத மனிதர், இப்போது கண்ட கண்டவன் சொல்லுக்கெல்லாம் குனிந்தும் நிமிர்ந்தும் நின்றதைப் பார்க்க அவளுக்குக் கோபமாக வந்தது, பிறகு பாவமாக வந்தது. பேச வேண்டியது அவளுக்கும் இருந்தது. ஆனால் அது அங்கியைப் பற்றியதோ பூண்டைப் பற்றியதோ இல்லையே.

ஒருநாள் கோமதிக்குப் பொறுக்கவில்லை. தகரக் குரல் ஒரு நீண்ட வசனத்தைத் தொடங்கியதும் எழுந்து நின்றாள். "எங்கண்ணன் குரல் இது இல்ல! யாரு குரலையோ வச்சுப் பேசாத, சொந்தமாப் பேசுண்ணே!"

தகரக் குரல் பாதி வார்த்தையில் நின்றது. ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. கொட்டகை காத்திருந்தது, கதாநாயகிகூடக் காத்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, கையை விரித்துக் காட்டினார். அன்றிலிருந்து ஜமீன்தார் அந்தப் படத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"ஏன் மைனி பேச மாட்டேங்கான்?" என்று திரும்பி வரும்போது கேட்டாள் கோமதி.

வடிவுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் சண்டை எத்தனையோ வந்திருக்கிறது, யார்மேல் பிழை என்றாலும் முதலில் பேசுகிறவள் அவள்தான். அவள் வாயைத் திறக்காமல் அவர் திறந்ததில்லை. வீம்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை விரித்ததைப் பார்த்த பிறகுதான், எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது என்பது புரிந்தது.

பேசாத காட்டேரி பேசுகிற காட்டேரியைவிடப் பயங்கரமானது. இதற்கு ஆதாரம் தேவையில்லை. பல் உறுதியாக நின்றது, அங்கி தரையைத் தொட்டும் தொடாமலும் நகர்ந்தது, ரத்தக்குழாய் இருக்கிற இடத்தில் முகம் சரியாகக் குனிந்தது, முகத்தில் செத்தவனின் அமைதி இருந்தது. ஊர் தன் கையால் திருத்தித் திருத்திக் குறை என்று சொல்ல ஒன்றுமில்லாமல் செய்துவிட்டது. கொட்டகையில் சிரிப்பு நின்றது, பிறகு பேச்சு நின்றது, பிறகு ஆள் வருவது நின்றது. வீடுகளில் பிள்ளைகள் படுக்கையை நனைத்தன. பரமார்த்தலிங்கமே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் படம் பார்த்தார்.

"வியாழக்கிழமையோட படப்பெட்டியைத் திருப்பி அனுப்பிருதேன்க்கா" என்றார் மானேஜர், வடிவிடம், தலையைச் சொறிந்துகொண்டு.

"நல்லாத்தானே இருக்கு படம்?"

"அதாங்க்கா சங்கடம். கேலி பண்ண ஒண்ணும் மிச்சம் இல்ல. பயப்படுததுக்கு யாருக்கா டிக்கெட் எடுப்பா? சும்மா இருந்தாலே பயமாத்தான இருக்கு."

"இந்த ஊரை விட்டா அவுக எங்க போவாக?"

"கரிசல்புதூருக்குப் போறாருக்கா. அங்க அவரை யாருக்குத் தெரியும்?"

அந்தக் கடைசிக் கேள்வி வடிவை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. பெட்டி போய்விட்டால் போனதுதான். இரண்டாம் தடவையாகப் பேசாமல் வழியனுப்பியவள் ஆகிவிடுவாள். முதல் தடவை தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது.

"நீங்க பேசுங்க மைனி. ஊர்ல எல்லாவனும் பேசியாச்சு, கட்டின பெண்டாட்டி பேசினா என்ன?" என்றாள் கோமதி.

"கூட்டத்துல வச்சு எப்படிட்டீ?"

"கூட்டம் எங்க இருக்கு? கம்பவுண்டரும் அவரு துண்டுந்தான் இருக்கு."

அரிசி களையும்போதும், அவருடைய பட்டறையில் தூசி படிந்த பல் அச்சுகளைத் துடைக்கும்போதும், வடிவு சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள். நான் செய்தது தப்பு என்று தொடங்கினாள், அது பொய்யாக இருந்தது. நீங்கள் செய்தது தப்பு என்று தொடங்கினாள், அது இப்போது எதற்கு என்றிருந்தது. ஏன் இப்படிச் சொல்லாமல் போனீர்கள் என்பதில் வந்து நின்றாள்; அது நன்றாக இருந்தது, அதற்குப் பின்னால் சொல்ல நிறைய வந்தது, அதை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மேட்னியில் கொட்டகை ஏறக்குறையக் காலியாக இருந்தது. மின்விசிறிகள் யாருக்கும் இல்லாமல் சுற்றின. படம் ஓடியது. பெட்டி திறந்தது, மனிதர் எழுந்தார், கோட்டையின் நடுக்கூடத்தில் கதாநாயகி தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டிக்கொண்டு மயங்கி நின்றாள். ஜமீன்தார் குனிந்தார். இதற்குமேல் காத்திருந்தால் படத்தில் பொழுது விடிந்து சூரிய வெளிச்சம் வந்துவிடும், அவர் சாம்பலாகிவிடுவார், விளக்குகளைப் போட்டுவிடுவார்கள். வடிவு எழுந்து நின்றாள். வரிசையாக வைத்திருந்தது எல்லாம் அப்போது பார்த்து மறந்துபோனது. வாய் மட்டும் திறந்தது. திறந்த வாயில் இத்தனை வருஷமாக மத்தியானத்தில் எது வருமோ அது வந்தது.

"நேரமாயிட்டுல்லா. சாப்பிட வாங்க."

சத்தம்போட்டுக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்லும் அளவுக்குத்தான் சொன்னாள்.

ஜமீன்தார் தலையைத் தூக்கினார். வெளிச்சத்தில் இருப்பவர் இருட்டுக்குள் ஆளைத் தேடுவதுபோல நெற்றியில் கையைக் குடையாக வைத்துப் பார்த்தார். மேலே இருந்த பல்லைக் கழற்றினார், அங்கியின் ஓரத்தில் துடைத்தார், சட்டைப்பைக்குள் போட்டார். பல் போனதும் முகம் ஆவுடையப்பனின் முகமாகிவிட்டது.

"இந்தா வாரேன்" என்றார். மூக்கடைத்த, கொஞ்சம் கரகரத்த, வடிவுக்குத் தெரிந்த குரல்.

பிறகு மயங்கி நின்ற கதாநாயகியின் தலையைப் பக்குவமாக நிமிர்த்தி வைத்து, "நீயும் வீட்டுக்குப் போ தாயி, தேடுவாக" என்று சொல்லிவிட்டு, திரையின் இடதுபுறமாக நடந்து, திரையை விட்டு வெளியே போனார். கொட்டகையில் பெண்கள் வாசல் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

வடிவு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மைனி, படம் முடியலையே!"

"ரசத்துக்கு உப்புப் போடாம வந்துட்டேன்ட்டீ" என்று சொல்லிவிட்டு வடிவு வேகமாக வெளியேறினாள்.

படம் அதுபாட்டுக்கு ஓடியது. கதாநாயகன் கூர் தீட்டிய மரக்கட்டையோடு ஆவேசமாக ஓடிவந்து, கூடத்தில் யாரையும் காணாமல், பெட்டியைத் திறந்து, அதிலும் யாரையும் காணாமல், சுற்றுமுற்றும் பார்த்தான்.

"சாப்பிடப் போயிருக்காரு, இரும்" என்றார் பரமார்த்தலிங்கம், கழுத்துத் துண்டைத் தளர்த்திக்கொண்டு.

கதாநாயகன் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்தான். பெட்டி நசுங்கியது.

மறுநாள் படப்பெட்டி பஸ் கூரையில் ஏறிக் கரிசல்புதூருக்குப் போனது. அங்கே ஓடிய 'கோரைப்பல் ஜமீன்' படத்தில் தொடக்கத்திலிருந்தே ஜமீன் இல்லை. கரிசல்புதூர்க்காரர்கள் அவரை முன்பின் பார்த்திராததால் அது அவர்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. பாழடைந்த பங்களாவில் ஒரு பெண் நடமாடுவதையும் ஒருவன் கட்டையோடு அலைவதையும் பார்த்துவிட்டு, ஏதோ சொத்துத் தகராறு என்று புரிந்துகொண்டார்கள். இடைவேளைக்கு முன்னும் பின்னும், காலியான நடுக்கூடத்தைக் காட்டும் காட்சிகளில், எங்கிருந்தோ பழைய மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. தட்டை நகர்த்துகிற சத்தமும் அப்பளம் நொறுங்குகிற சத்தமும் கேட்டன. "ரசம் ஊத்தட்டா?" என்றது ஒரு பெண்குரல். "கொஞ்சமா ஊத்து, வடிவு" என்றது மூக்கடைத்த ஆண்குரல். அதற்குப் பிறகு இருவரும் தாழ்ந்த குரலில், மாற்றி மாற்றி, விட்டுவிட்டு, படம் முடிகிறவரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் தெளிவாகக் கேட்கவில்லை.

கரிசல்புதூர்க் கொட்டகையின் கேண்டீன்காரர் இரண்டாம் நாளிலிருந்து இடைவேளையில் முறுக்கோடு எலுமிச்சைச் சாதப் பொட்டலமும் விற்கத் தொடங்கினார்.